சவ்வு வெறும் வேலிதானா? இலைக் கருகலை வைத்து ஒரு வழக்கு

மணல்மேட்டான்
அக்டோபர் 26, இரவு 8:40

பையன் தாவரவியல் மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தான். "செல் சவ்வு, செல்லுக்குள் செல்வதையும் வெளியேறுவதையும் கட்டுப்படுத்துகிறது." சரி, அது ஒரு வேலி. என் கட்சி இதுதான்: வேலிக்கு ஒன்றும் தெரியாது. கிருமி அதைத் தாண்டி உள்ளே வந்தால்தான் செடிக்குச் சேதி போகும், அப்புறம்தான் எதிர்ப்பு கிதிர்ப்பு எல்லாம். எங்கள் பிபிடி ரக நெல் வயலில் நுனியிலிருந்து இலை கருகி இறங்குகிறது. சவ்வு ஏதோ செய்கிறது என்றால் இது ஏன் நடக்கிறது? நாற்றங்கால் தம்பி நோயியல் படித்தவர், சொல்லட்டும்.

நாற்றங்கால்
அக்டோபர் 26, இரவு 10:05

ஐயா, உங்கள் வயலில் இருக்கும் நோயையே எடுத்துக்கொள்வோம். பாக்டீரியா இலைக் கருகல், சாந்தோமோனாஸ் ஒரைசே. இந்தக் கிருமி நெல்லின் உயிருள்ள செல் எதற்குள்ளும் நுழைவதே இல்லை. விடியற்காலையில் இலை ஓரத்தில் நீர் கோத்து நிற்குமே, அந்த நீர் வடியும் துளைகள் வழியாகவோ, காற்றில் இலை உரசிக் கிழிந்த காயம் வழியாகவோ இலைக்குள் வரும். அப்படியே சைலம் குழாயில் போய் உட்கார்ந்து பெருகும். செல்லுக்கு வெளியேதான், கடைசிவரை.

ஆக, "உள்ளே வந்தபிறகு எதிர்ப்பு" என்றால் இந்த நோயில் நெல் எதிர்க்கவே முடியாது. ஆனால் எதிர்க்கிற ரகம் இருக்கிறது. எப்படி?

நாற்றங்கால்
அக்டோபர் 26, இரவு 10:50

கேள்வியோடு விட்டால் தூங்கவிடமாட்டீர்கள், அதனால் இன்னும் கொஞ்சம்.

சவ்வில் குறுக்காகச் செருகியபடி, வெளியே வருவதை உணரும் ஏற்பிப் புரதங்கள் நிற்கின்றன. தலை வெளியே, வால் செல்லுக்குள். நன்றாக ஆராயப்பட்டது கடுகுக் குடும்பத்துக் களைச்செடியான அரபிடாப்சிஸில் உள்ள எஃப்எல்எஸ்-2. பாக்டீரியா நீந்துவதற்கு வைத்திருக்கும் கசையிழையில் 22 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு துண்டுதான் அதற்கு அடையாளம். அந்தத் துண்டு தலையில் ஒட்டியதும் பிஏகே-1 என்ற துணை ஏற்பி வந்து சேர்ந்துகொள்ளும். இது சில நொடிகளில் நடக்கிற காரியம்.

அடுத்த ஓரிரு நிமிடத்தில் கால்சியம் அயனிகள் உள்ளே பாயும். சவ்வின் மின்னழுத்தம் சரியும். நம் நரம்புச் செல் ஓய்வாக இருக்கும்போது சவ்வின் குறுக்கே 70 மில்லிவோல்ட் அளவில்தான் வைத்திருக்கும்; தாவரச் செல் சாதாரணமாகவே 120-க்கு மேல். நரம்பே இல்லாத ஜீவன் இவ்வளவு மின்னழுத்தத்தை எதற்குச் சேர்த்து வைத்திருக்கிறது என்று படிக்கும்போது யோசித்திருக்கிறேன். முதல் காரணம் சாப்பாடு, தாது உப்புகளை உள்ளே இழுப்பதற்கு. ஆபத்து வந்தால் அதே மின்னழுத்தம் எச்சரிக்கைக்கும் உதவுகிறது.

பத்துப் பதினைந்து நிமிடத்தில், சவ்வில் உள்ள ஆர்பிஓஎச்டி நொதி வெளிப்பக்கத்தில் வினைத்திறன் மிகுந்த ஆக்சிஜன் கூறுகளைக் கொட்டுவது உச்சத்துக்குப் போகும். அரை மணி கழித்து, வேலை முடிந்த ஏற்பிகளைச் சவ்வே உள்ளே மடித்து விழுங்கிவிடும்.

கிருமி இதுவரை ஒரு செல்லுக்குள்ளும் வரவில்லை.

காவிரிக்கரை
அக்டோபர் 27, காலை 6:15

சைலம் குழாய் செத்த செல் என்றுதான் பள்ளிக்கூடத்திலேயே சொல்கிறார்களே. செத்த செல்லில் சவ்வு ஏது? கிருமி இருக்கிற இடத்தில் காவலே இல்லையே.

நாற்றங்கால்
அக்டோபர் 27, காலை 7:02

நல்ல பிடி. சைலம் குழாய் வெறும் சுவர்தான், சவ்வு கிடையாது. ஆனால் குழாயை ஒட்டி உயிருள்ள பாரன்கைமா செல்கள் இருக்கின்றன. குழாய்க்கும் இவற்றுக்கும் நடுவில் சுவர் மெலிந்த குழிகள் உண்டு. கிருமியின் அடையாளம் அந்தக் குழி வழியாக இந்தச் செல்களின் சவ்வுக்கு வந்துவிடுகிறது. கிருமியும் சும்மா இருப்பதில்லை. மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு என்ற ஊசியைச் சுவரோடு சவ்வையும் சேர்த்துக் குத்தி, தன் புரதங்களை உள்ளே ஏற்றுகிறது. செல்லுக்குள் போவது அந்தப் புரதம் மட்டும்தான்.

நெல் கிருமியை உணர்கிற ஒரு வழியைச் சொல்கிறேன். எக்ஸ்ஏ-21 என்ற ஏற்பி. மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி நாட்டுக் காட்டு நெல்லிலிருந்து வந்தது. அமெரிக்க ஆய்வாளர் பமிலா ரொனால்ட் குழு 1995-இல் இந்த மரபணுவைப் பிரித்தெடுத்தது. இதற்கும் தலை வெளியே, வால் உள்ளே. வயலில் பயிரிடும் நெல்லுக்கு இது இயல்பாகக் கிடையாது. காட்டு நெல்லோடு இனக்கலப்புச் செய்துதான் கொண்டுவர வேண்டியிருந்தது.

மணல்மேட்டான்
அக்டோபர் 27, இரவு 9:20

அப்ப என் பிபிடியில் அந்த ஏற்பி இல்லை. அதனால் கருகுகிறது. அவ்வளவுதானே?

நாற்றங்கால்
அக்டோபர் 27, இரவு 9:48

பாதிதான் ஐயா. மீதிப் பாதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, இன்றைக்கு நேரமில்லை. நாளைக்குப் பார்ப்போம். அதற்குள் ஒரு வேலை: உங்கள் வயலில் இருப்பது நிஜமாகவே பாக்டீரியா கருகல்தானா என்று பாருங்கள். கருகிய பகுதியும் பச்சையும் சேரும் எல்லையில் இலையைக் கத்தரித்து, தெளிந்த தண்ணீர் இருக்கிற கண்ணாடி டம்ளரில் வெட்டுவாய் நனையும்படி விடுங்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து மெல்லிய பால்நிற இழை ஒன்று அசைந்து அசைந்து கீழே இறங்கினால் அது பாக்டீரியா. ஆட்டாமல் வையுங்கள், ஆட்டினால் இழை கலைந்து வெறும் கலங்கலாகத்தான் தெரியும். விடிகாலையில் இலை ஓரத்தில் மஞ்சள் படிந்த துளி நிற்கிறதா, வெயில் ஏறியதும் அது காய்ந்து கடுகுக்கும் சிறிய மணியாக ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நாற்றங்கால்
அக்டோபர் 28, காலை 5:55

துளி என்றதும் நினைவு வந்தது. ஜப்பானில் ஃபுக்குவோக்கா பக்கத்து விவசாயிகள் 1884 வாக்கிலேயே இந்த நோயைக் கவனித்திருக்கிறார்கள். அமில மண்ணால் வருவது, இலையில் நிற்பது புளித்த பனி என்று நினைத்தார்களாம். அந்தப் பனித்துளிக்குள் பாக்டீரியா கூட்டம் இருப்பது 1909-இல்தான் தெரியவந்தது. இந்தியாவில் பெரிதாக அடித்தது 1963-இல், பீகார் ஷாகாபாத் மாவட்டத்தில். தைச்சுங் நேட்டிவ்-1, ஐஆர்-8 என்று குட்டை ரகங்கள் வந்து, உரத்தை அள்ளிப் போடத் தொடங்கிய பிறகு இந்த நோய்க்கு நல்ல காலம்.

நாற்றங்கால்
அக்டோபர் 28, இரவு 10:20

மீதிப் பாதி.

நெல் செல்லின் சவ்வில் 'ஸ்வீட்' என்ற பெயரில் சர்க்கரை கடத்தும் புரதங்கள் உண்டு. பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், நிஜப் பெயர்தான். செல்லுக்குள் இருக்கும் சுக்ரோஸை வெளியே விடுவது இவற்றின் வேலை. தேவையான இடத்தில், தேவையான நேரத்தில் மட்டும். ஸ்வீட்-11 இல்லாவிட்டால் மகரந்தம் சரியாக விளையாது, நெல் பதராகிவிடும். அவ்வளவு முக்கியம்.

இப்போது கிருமி. ஊசி வழியாக ஏற்றுகிறது என்றேனே, அந்தப் புரதங்களில் டேல் என்று ஒரு வகை. அது நேராகச் செல்லின் உட்கருவுக்குப் போய், ஸ்வீட்-11 மரபணுவுக்கு முன்னால் இருக்கும் தொடக்கப் பகுதியில் உட்கார்ந்து அந்த மரபணுவை இயக்கிவிடுகிறது. இலையில் இருக்கவேண்டிய அவசியமே இல்லாத சர்க்கரைக் கடத்திகளை நெல்லே தயாரித்து, தன் சவ்விலேயே கொண்டுபோய்ப் பொருத்துகிறது. சர்க்கரை வெளியே கசிகிறது. வெளியே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் பிபிடி கருகுவதற்கு ஏற்பி இல்லாதது ஒரு காரணம். இது இன்னொன்று. சவ்வு இங்கே ஏமாறவில்லை, உட்கருவிலிருந்து வந்த உத்தரவைத்தான் நிறைவேற்றுகிறது. உத்தரவு எழுதியது வேறு ஆள்.

காவிரிக்கரை
அக்டோபர் 28, இரவு 10:41

வேலியே பயிரை மேய்ந்தது என்று சொல்லுங்கள். மணல்மேட்டார் கட்சி ஜெயித்துவிட்டது :)

மணல்மேட்டான்
அக்டோபர் 28, இரவு 10:44

நான்தான் முதலிலேயே வேலி என்றேனே!

நாற்றங்கால்
அக்டோபர் 29, மதியம் 1:30

ஜெயித்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதன் மறுபக்கத்தைக் கேளுங்கள். எக்ஸ்ஏ-13 என்று ஓர் எதிர்ப்பு மரபணு உண்டு. பல வருடமாக அதைத் தேடியவர்கள் ஏதோ புதிய ஆயுதம் கிடைக்கும் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். கடைசியில் பார்த்தால் அதே ஸ்வீட்-11 தான், தொடக்கப் பகுதி மட்டும் மாறிப்போனது. டேல் புரதத்துக்கு உட்கார இடமில்லை. மகரந்தத்தில் வழக்கம்போல வேலை செய்கிறது, இலையில் கிருமி கேட்டால் திறப்பதில்லை. ஆயுதம் ஒன்றுமே இல்லாத எதிர்ப்பு இது. நோயியல் வகுப்பில் "எதிர்ப்பு மரபணு" என்றே பழகியவனுக்கு இது மனதில் உட்காரக் கொஞ்சம் நாளாகும்.

இந்த மரபணு ஒடுங்கு வகை. அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் மாறிய பிரதி இருந்தால்தான் பலன். ஒரு நல்ல பிரதி இருந்தாலும் கிருமிக்குப் போதும்.

ஆனால் எல்லா சாந்தோமோனாஸும் ஸ்வீட்-11-ஐ நம்பி இல்லை. சில இனங்கள் 13-ஐ, சில 14-ஐ இயக்குகின்றன. அதனால்தான் 2019-இல் மூன்று ஸ்வீட் மரபணுக்களின் தொடக்கப் பகுதிகளையும் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவி கொண்டு திருத்திப் பார்த்தார்கள், ஐஆர்-64 ரகத்திலும். நன்றாகவே தாங்கியது.

வித்தகி
அக்டோபர் 29, மாலை 6:12

எக்ஸ்ஏ-21 உணர்வது ஏஎக்ஸ்-21 என்ற புரதத்தை என்று படித்திருக்கிறேன். 2009 சயின்ஸ் இதழ். அதை விட்டுவிட்டீர்களே.

நாற்றங்கால்
அக்டோபர் 29, இரவு 9:05

வேண்டுமென்றேதான் விட்டேன் அக்கா. அந்தக் கட்டுரை 2013-இல் திரும்பப் பெறப்பட்டது. ரொனால்ட் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது முடிவு வரவில்லை. தோண்டிப் பார்த்தால் பாக்டீரியா இனங்களில் சில பெயர் மாறி வைக்கப்பட்டிருந்தன, ஒரு சோதனை முறையையும் நம்ப முடியவில்லை. யாரும் புகார் கொடுத்து மாட்டவில்லை, அவர்களே கண்டுபிடித்து அவர்களே அறிவித்தார்கள். ஆய்வகக் குளிர்பெட்டியில் பாதி அழிந்த எழுத்தோடு குப்பிகள் கிடப்பதைப் பார்த்த யாருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது.

2015-இல் சரியான விடை வந்தது. ராக்ஸ்-எக்ஸ் என்ற சிறு புரதம். அதில் ஒரு டைரோசின் மேல் சல்பேட் ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் எக்ஸ்ஏ-21 கண்டுகொள்ளாது. சுவாரசியம் எங்கே என்றால், இந்தப் புரதம் தாவரத்தின் சொந்த வளர்ச்சி ஹார்மோன் ஒன்றைப் போலவே இருக்கிறது. பிஎஸ்ஒய் என்று பெயர். போலியைப் பாக்டீரியா தயாரிக்கிறது. எக்ஸ்ஏ-21 போலியைப் பிடிக்கிறது, அசலை விட்டுவிடுகிறது. அசலையும் பிடித்தால் செடி தன்னையே எதிர்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

பழைய பாடக் குறிப்புகளில் ஏஎக்ஸ்-21 இன்னும் உலவுகிறது. பார்த்தால் அடித்துவிடுங்கள்.

ஹட்டன்வாசி
அக்டோபர் 30, காலை 8:25

பூஞ்சை வந்தாலும் இதே கதைதானா? எங்கள் மலையில் ஒருகாலத்தில் கோப்பி இருந்து, துருநோயில் அழிந்து, பிறகுதான் தேயிலை வந்தது என்று தாத்தா சொல்வார்.

நாற்றங்கால்
அக்டோபர் 30, இரவு 10:10

பூஞ்சையில் கதை வேறு, அதுவும் உங்கள் ஊரிலேயே தொடங்குகிறது. கோப்பித் துரு இலங்கையில் பதிவானது 1869. அதை ஆராய மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளரை 1880-இல் அனுப்பினார்கள், இரண்டு வருடம் இருந்தார். தோட்டத்தைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் பூஞ்சை இலைக்குள் எப்படிப் பரவுகிறது என்று நுணுக்கமாகப் பார்த்து எழுதினார்.

துருப் பூஞ்சை, செல் சுவரைத் துளைத்து உறிஞ்சு உறுப்பு ஒன்றை உள்ளே நுழைக்கும். பார்த்தால் செல்லுக்குள் வந்துவிட்டது போலவே இருக்கும். ஆனால் சவ்வு கிழிவதில்லை! பூஞ்சை தள்ளத் தள்ளச் சவ்வு உள்வாங்கி, அந்த உறுப்பைச் சுற்றிப் புதிதாக ஓர் உறையே போடுகிறது. அந்த உறையின் சேர்மானம் செல்லின் மற்றப் பகுதிச் சவ்விலிருந்து வேறுபட்டது. சாதாரணச் சவ்வில் இருக்கிற பல புரதங்கள் அதில் இல்லை. இரவல் உறை தருவது செடி, உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவது பூஞ்சை.

வார்ட் இங்கிலாந்து திரும்பி வெகுகாலம் கழித்து, 1902-இல், புல் ஒன்றின் துருநோயில் வேறொன்றைக் கவனித்தார். எதிர்ப்புள்ள செடியில் பூஞ்சை தொட்ட இடத்துச் செல்கள் சட்டென்று செத்துவிடுகின்றன. 1915-இல் ஸ்டேக்மன் என்ற அமெரிக்க நோயியலாளர் இதற்கு மிகையுணர்வு என்று பெயர் வைத்தார். உயிருள்ள செல்லில்தான் துரு வாழும், செத்தால் அதற்குச் சோறில்லை.

நாற்றங்கால்
அக்டோபர் 30, இரவு 10:52

இந்தச் சாவை நான் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். நோயியல் மாணவர்கள் எல்லோரும் செய்கிற சோதனைதான், க்ளெமென்ட் என்ற ஹங்கேரியர் 1963-இல் எழுதியது. ஊசி மாட்டாத சிரிஞ்சை புகையிலை இலையின் அடிப்பக்கம் அழுத்தி, மறுபக்கத்தில் விரலை அண்டக் கொடுத்து, பாக்டீரியா கலந்த நீரைச் செலுத்த வேண்டும். நீர் பரவுகிற இடம் உடனே கரும்பச்சையாக மாறும். அழுத்தம் கூடினால் இலை கிழியும், குறைந்தால் நீர் முகத்தில் தெறிக்கும். மறுநாள் போய்ப் பார்த்தால் அதே வட்டம் தொய்ந்து, அப்புறம் பழுப்புக் காகிதம் மாதிரி காய்ந்துவிடும். அந்த எல்லைக்கு வெளியே ஒரு மில்லிமீட்டர் தள்ளி, இலை நல்ல பச்சை.

செலுத்தியபின் இலையிலிருந்து சிறு வட்டங்கள் வெட்டிக் காய்ச்சி வடித்த நீரில் மிதக்கவிட்டு, மின்கடத்துதிறன் மானியை வைத்தால் எண் மெல்ல ஏறிக்கொண்டே போகும். சவ்வு விட்டுப்போய் உள்ளிருக்கும் பொட்டாசியமும் மற்ற உப்புகளும் வெளியே வருகின்றன என்று அர்த்தம். அப்போது எங்களுக்குச் சொல்லப்பட்டது "சவ்வு சேதமடைகிறது" என்பதுதான். யார் சேதப்படுத்துகிறார்கள் என்று கேட்டால், வகுப்பு முடிந்துவிட்டது என்பார்கள்.

நாற்றங்கால்
அக்டோபர் 31, காலை 6:30

மேலே கேட்டதற்கு விடை வந்தது 2019-இல். அரபிடாப்சிஸில் ஸார்-1 என்ற உள் காவல் புரதம். முட்டைக்கோஸ் குடும்பத்தைத் தாக்கும் சாந்தோமோனாஸின் கைவேலை செல்லுக்குள் தெரிந்ததும் ஐந்து ஸார்-1 புரதங்கள் ஒன்றாகச் சேர்ந்து சக்கர வடிவம் எடுக்கின்றன. நடுவில் புனல் மாதிரி ஒரு பகுதி நீட்டிக்கொண்டு சவ்வில் செருகிக்கொள்கிறது. அது கால்சியம் நுழையும் துளையாகிறது என்று 2021-இல் காட்டினார்கள். கோதுமைத் தண்டுத் துருவை எதிர்க்கும் எஸ்ஆர்-35 புரதமும் இதே பாணியில் ஐந்தாகச் சேர்வது 2022-இல் தெரிந்தது.

ஆக, துளை போடுவது கிருமியல்ல, செடி. ஏற்பி வழியிலும் முதலில் கால்சியம், செல் சாகும் வழியிலும் கால்சியம். முந்தையதில் சற்று நேரம் வந்து அடங்கும், இதில் நீண்ட நேரம் நிற்கும்.

வித்தகி
அக்டோபர் 31, காலை 9:40

எல்லாம் சவ்வு, சவ்வு என்கிறீர்கள். அதற்கு வெளியே செல் சுவர் என்று ஒன்று இருக்கிறதே.

நாற்றங்கால்
அக்டோபர் 31, இரவு 8:50

இதைப் பற்றி மதியம் முழுக்க யோசித்தேன். சவ்வின் பெருமையைக் கொஞ்சம் அதிகமாகவே பாடிவிட்டேன் போலிருக்கிறது. சாந்தோமோனாஸ் சுவரைக் கரைக்க நொதிகளைக் கொட்டுகிறது. சுவர் உடைகிற துண்டுகளையே நெல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறது. ஹைதராபாத் சிசிஎம்பியில் (செல், மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையம்) ரமேஷ் சோந்தி குழு இதைத்தான் நெல்லில் காட்டியது. அந்த எச்சரிக்கையை அடக்கத்தான் கிருமி ஊசி வழியாக வேறு புரதங்களை ஏற்றுகிறது. ஆகச் சுவர் முதலில், சேதி படிப்பது மட்டும் சவ்வில். சுவரையும் சவ்வையும் தனித்தனியாகப் பாடம் நடத்துவது வசதிக்காக.

மணல்மேட்டான்
நவம்பர் 2, காலை 7:10

படித்துத் தலை சுற்றுகிறது தம்பி. விதைக்கு வாருங்கள். எதை வாங்க?

நாற்றங்கால்
நவம்பர் 2, இரவு 9:15

ஆந்திரா பொன்னியை விடமாட்டீர்கள் என்று தெரியும். அதே பிபிடி 5204-இல் எக்ஸ்ஏ-21, எக்ஸ்ஏ-13, எக்ஸ்ஏ-5 மூன்றையும் சேர்த்து மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி என்று ஹைதராபாத்தில் அப்போதிருந்த நெல் ஆராய்ச்சி இயக்குநரகமும் சிசிஎம்பியும் சேர்ந்து கொடுத்திருக்கின்றன. 2008-இல் வெளிவந்தது. மூன்றில் ஒன்றுதான் சவ்வில் நின்று உணர்கிறது. ஒன்று ஸ்வீட்-11 சங்கதி. எக்ஸ்ஏ-5, டேல் புரதம் உட்கருவில் பற்றிக்கொள்ளும் ஒரு புரதத்தின் திருத்தம். இரண்டு பேர் கிருமியின் உத்தரவைச் செல்லாமல் செய்பவர்கள், ஒருவர் சத்தம் போடுபவர். ஒன்றைக் கிருமி தாண்டினாலும் மற்றது நிற்கும் என்று கணக்கு.

அந்த அரிசிக்குக் கிளைசெமிக் குறியீடு குறைவு என்று சர்க்கரை நோயாளிகள் தேடுகிறார்கள். ஸ்வீட் மரபணுவுக்கும் அதற்கும் முடிச்சுப் போட்டு யாரும் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள், இரண்டும் வேறு வேறு.

எக்ஸ்ஏ-21 நாற்றுப் பருவத்தில் அவ்வளவாக வேலை செய்யாது, பயிருக்கு வயது ஏற ஏறத்தான் பலம். அதனால் நடவின்போது நுனி கிள்ளாதீர்கள். தண்டுத் துளைப்பான் முட்டைக்காகக் கிள்ளச் சொல்வார்கள், அது அதற்குச் சரி. ஆனால் கருகல் வருகிற வயலில் ஒவ்வொரு கிள்ளலும் கிருமிக்குத் திறந்த காயம். யூரியாவை ஒரே மூச்சில் கொட்ட வேண்டாம், பிரித்துப் போடுங்கள். கருகல் உள்ள வயல் தண்ணீரைப் பக்கத்து வயலுக்குத் திருப்பவும் வேண்டாம். பசுஞ்சாணக் கரைசல் 20 சதவீதம் வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையிலேயே இருக்கிறது, செலவில்லாதது, தெளியுங்கள்.

டம்ளர் சோதனை என்ன ஆயிற்று? சொல்லவே இல்லையே.

மணல்மேட்டான்
நவம்பர் 3, காலை 7:25

மேட்டு வயல் இலையில் இழை வந்தது, நீங்கள் சொன்ன மாதிரியே. பள்ளத்து வயல் இலையில் ஒன்றும் வரவில்லை, தண்ணீர் தெளிவாகவே இருக்கிறது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் கருகியிருக்கிறது.

நாற்றங்கால்
நவம்பர் 3, காலை 7:40

பள்ளத்து வயலுக்குப் பாக்டீரியா மருந்து எதுவும் வாங்காதீர்கள். ஓரம் அலையலையாகக் கருகியிருக்கிறதா, அல்லது அடி இலைகளில் மட்டும் நுனியும் ஓரமும் நேராகக் காய்ந்திருக்கிறதா? அடி இலைகள் மட்டும் என்றால் சாம்பல் சத்துக் குறைவைச் சந்தேகப்படுவேன். கடைசியாகப் பொட்டாஷ் எப்போது போட்டீர்கள்? இலையை வெள்ளைத் தாளில் வைத்து, முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்துப் போடுங்கள்.